சம இரவு நாளும் பருவ மாற்றமும்: வேடந்தாங்கல் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

சம இரவு நாள் என்பது கதிரவன் வான நடுவரையைக் கடக்கும் நாள் ஆகும். இது ஆண்டுக்கு இரு முறை நிகழ்கிறது. மார்ச் 20 அல்லது 21-இல் கதிரவன் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியும், செப்டம்பர் 22 அல்லது 23-இல் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும் நடுவரையைக் கடக்கிறது. அந்நாள்களில் உலகம் முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். பருவங்களைக் கணக்கிட மனிதர் கண்டறிந்த மிகப் பழைய அடையாளங்களுள் இதுவும் ஒன்று. தமிழ் நாட்காட்டியின் சித்திரை முதல் நாளும் ஒரு காலத்தில் இந்த நாளை ஒட்டியே அமைந்திருந்தது. இன்று அது 24 நாள் தள்ளி வருகிறது. இந்த விலகல் எப்படி ஏற்பட்டது, அதைச் சரிசெய்ய என்ன முயற்சிகள் நடந்தன, செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் பருவ மாற்றம் எப்படித் தெரிகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

சம இரவு நாளுக்கு வடமொழியில் விஷுவம் என்று பெயர். இருபுறமும் சமமானது என்பது அதன் பொருள். கேரளத்தில் மேட மாதத் தொடக்கத்தில் கொண்டாடப்படும் விஷுப் பண்டிகையின் பெயர் இதிலிருந்து வந்ததே. தமிழகத்திலும் சித்திரை விசு, ஐப்பசி விசு என்ற வழக்குகள் உண்டு. குற்றாலம் குற்றாலநாதர் கோயிலில் இவ்விரு விசுத் திருவிழாக்களும் நடைபெறுகின்றன. சித்திரை, ஐப்பசி ஆகிய இரு மாதத் தொடக்கங்களுக்கு மட்டும் விசு என்ற பெயர் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. பெயர் சூட்டப்பட்ட காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி அவை வந்தன என்பதற்கு இப்பெயரே சான்று. இன்று ஏப்ரல் 14-ஐ ஒட்டியும் அக்டோபர் 17-ஐ ஒட்டியும் அவை வருகின்றன. பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது குறித்த நிகழ்வு நகர்ந்துவிட்டது.

வானியல் விளக்கம்

புவியின் சுழலச்சு அதன் சுற்றுப்பாதைத் தளத்தின் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்துள்ளது. ஆண்டு முழுவதும் அச்சு ஒரே திசையையே நோக்கியிருப்பதால், சுற்றுப்பாதையின் ஒரு பக்கத்தில் வட அரைக்கோளமும் எதிர்ப்பக்கத்தில் தென் அரைக்கோளமும் கதிரவனை நோக்கிச் சாய்கின்றன. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே அமைவன சம இரவு நாள்கள்.

கதிரவனுக்கு அருகில் புவி வரும்போது கோடையும் விலகும்போது குளிரும் உண்டாகின்றன என்ற தவறான எண்ணம் மாணவர்களிடையே பரவலாக உள்ளது. உண்மையில் புவி கதிரவனுக்கு மிக அருகில் வருவது சனவரி முதல் வாரத்தில், அதாவது நமது மார்கழிக் குளிரில்தான். அப்போது புவி விரைவாக ஓடுகிறது. சூலை மாதத் தொடக்கத்தில் மிகத் தொலைவில் இருப்பதால் மெதுவாகச் செல்கிறது. இதனால் மார்ச் சம இரவு நாளிலிருந்து செப்டம்பர் சம இரவு நாள் வரை ஏறத்தாழ 186 நாள்களும், அங்கிருந்து அடுத்த மார்ச் வரை 179 நாள்களும் ஆகின்றன. தமிழ் மாதங்களின் நாள் எண்ணிக்கை மாறுவதற்கும் காரணம் இதுவே. ஆனி 32 நாள் வரை நீள்வதும் மார்கழி 29 நாளில் முடிவதும் புவியின் வேக மாற்றத்தைப் பஞ்சாங்கம் கணக்கில் கொண்டிருப்பதைக் காட்டுகின்றன.

சம இரவு நாளன்று பகலும் இரவும் துல்லியமாக 12 மணி நேரம் இருப்பதில்லை. காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் கதிரவன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்குத் தெரிகிறது. மேலும், கதிரவனின் மேல் விளிம்பு தெரிவதையே உதயமாகக் கொள்கிறோம். இவ்விரு காரணங்களால் தமிழகம் போன்ற இடங்களில் அன்றைய பகல் இரவைவிட ஏறத்தாழக் கால் மணி நேரம் கூடுதலாக இருக்கும்.

வேடந்தாங்கலில் பகலும் நிழலும்

வேடந்தாங்கல் வட அகலாங்கு ஏறத்தாழ 12.5 பாகையில் அமைந்துள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 51 நிமிடமும், மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 23 நிமிடமும் ஆகும். இரண்டுக்கும் வேறுபாடு ஒன்றரை மணி நேரமே. இலண்டன் மாநகரில் இவ்வேறுபாடு எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஐரோப்பாவில் சம இரவு நாள் மக்கள் வாழ்க்கையில் உடனே உணரத்தக்கதாக இருப்பதற்கும், நம் நாட்டில் அது கவனிக்கப்படாமல் போவதற்கும் இதுவே காரணம்.

ஆயினும் நிழல் இதைத் தெளிவாகக் காட்டும். ஒரு மீட்டர் உயரமுள்ள கோலைச் செங்குத்தாக நட்டால், சம இரவு நாளின் நண்பகலில் வேடந்தாங்கலில் அதன் நிழல் ஏறத்தாழ 22 செ.மீ. நீளத்துக்கு வடக்கு நோக்கி விழும். டிசம்பர் 21-ஐ ஒட்டி இந்நிழல் சுமார் 73 செ.மீ. ஆக நீளும். சூன் 21-ஐ ஒட்டிக் கதிரவன் தலைக்கு மேல் வடக்கே சென்றுவிடுவதால் நிழல் தெற்கு நோக்கி 19 செ.மீ. அளவுக்கு விழும். இடையே ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும் நண்பகலில் கோலுக்கு நிழலே இராது. இவை நிழலில்லா நாள்கள் எனப்படும்.

மாமல்லபுரம் கடற்கரையில் உதயத்தைக் கவனித்தால் இதே செய்தியை வேறு வகையில் அறியலாம். சம இரவு நாளில் கதிரவன் நேர்கிழக்கில் எழுகிறது. சூன் மாதத்தில் 24 பாகை வடக்கே விலகியும், டிசம்பரில் அதே அளவு தெற்கே விலகியும் உதிக்கிறது. கடலின் அடிவானத்தை மறைக்கக் குன்றோ மரமோ இல்லாததால் இக்கடற்கரை உதயப் புள்ளியின் நகர்வைக் காண ஏற்ற இடம் ஆகும்.

தமிழரின் பருவப் பகுப்பு

தமிழ் இலக்கண மரபு ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம் என்றும், ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம் என்றும் தொடங்கி, ஆனி, ஆடி முதுவேனில் என முடியும். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், கதிரவனுக்குரிய சிம்ம ராசியில், அதாவது ஆவணியில், ஆண்டு தொடங்குவதாகக் கொள்கிறார். சித்திரையை முதலாகக் கொண்ட கணக்கோடு கார்காலத்தை முதலாகக் கொண்ட கணக்கும் தமிழகத்தில் இருந்ததை இது காட்டுகிறது. முதலாவது கணக்குக்கு அடிப்படை கதிரவன், இரண்டாவதற்கு மழை.

நெடுநல்வாடையில் ஒரு நிழல் அளவை

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனை வகுக்கும்போது நூலறிந்தோர் கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை குறித்த செய்தி வருகிறது. நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகல் நேரம் அங்குச் சுட்டப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர், இது சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாளில் நிகழ்வது என்று உரை கூறுகிறார்.

இக்குறிப்பை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று சித்திரையின் நடுப் பத்து நாள் என்பது ஏப்ரல் 24 முதல் மே 3 வரை ஆகும். மதுரையின் அகலாங்கு 9.9 பாகை. அங்கு நிழலில்லா நாள் ஏப்ரல் 16-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. எனவே இன்றைய சித்திரை நடுவில் மதுரையில் இந்த அளவையைச் செய்தால், நிழல் ஏற்கெனவே தெற்கே திரும்பியிருக்கும். ஆனால் 14ஆம் நூற்றாண்டில் சித்திரை இன்றைவிடச் சுமார் 11 நாள் முன்னதாகத் தொடங்கியது. அப்போது அதன் நடுப் பத்து நாள் இன்றைய கணக்கில் ஏப்ரல் 13 முதல் 22 வரை அமையும். மதுரையின் நிழலில்லா நாள் அதற்குள் அடங்குகிறது. உரையாசிரியரின் குறிப்பு அவர் காலத்துக்குச் சரியாகவே பொருந்துகிறது. பிழை அவருடையதன்று, இடைப்பட்ட காலத்தில் நாட்காட்டிதான் நகர்ந்திருக்கிறது.

அயனச் சலனம்

இந்த நகர்வுக்குக் காரணம் புவியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதாகும். ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 25,800 ஆண்டுகள் ஆகும். இதனால் சம இரவுப் புள்ளி விண்மீன்களுக்கிடையே சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்னோக்கி நகர்கிறது. கிரேக்க வானியலர் இப்பார்க்கசு கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டறிந்தார். இந்திய வானியலில் இது அயனச் சலனம் எனப்படுகிறது. 10ஆம் நூற்றாண்டில் மஞ்சுளர் இதற்கு அளவு கூறியுள்ளார். ஆகவே நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர்.

ஆண்டு என்பதை இரு வகையில் அளக்கலாம். கதிரவன் ஒரு சம இரவுப் புள்ளியிலிருந்து மீண்டும் அதே புள்ளிக்கு வர 365.2422 நாள் ஆகிறது. இது பருவ ஆண்டு. ஒரு விண்மீனை அடையாளமாக வைத்து மீண்டும் அங்கு வர 365.2564 நாள் ஆகிறது. இது விண்மீன் ஆண்டு. இரண்டுக்கும் வேறுபாடு 20 நிமிடம் மட்டுமே. தமிழ் நாட்காட்டி விண்மீன் ஆண்டைப் பின்பற்றுகிறது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு 365 நாள் 6 மணி 12 நிமிடம் 36 நொடி ஆகும். இது பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 24 நிமிடம் அதிகம். 24 நிமிடம் என்பது நம் முன்னோர் கணக்கில் சரியாக ஒரு நாழிகை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. எனவே, ஆண்டுக்கு ஒரு நாழிகை வீதம் 60 ஆண்டுகளில் ஒரு நாள் விலகுகிறது. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுற்று ஒன்று முடியும்போது சித்திரை ஒரு நாள் பின்தங்கிவிடுகிறது என்று இதை எளிதில் நினைவில் கொள்ளலாம்.

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இரு வகை இருப்பதால் இரண்டாவது இக்குறையைத் தீர்த்துவிட்டது என்று சிலர் கருதுவதுண்டு. அது சரியன்று. திருக்கணிதம் கோள்களின் நிலையை இன்றைய வானியல் அளவுகளின்படி திருத்துகிறது. ஆண்டுத் தொடக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் விண்மீன் ஆண்டையே கொள்கின்றன.

இதே காரணத்தால்தான் தை முதல் நாளும் உண்மையான உத்தராயணத் தொடக்கமும் பிரிந்து நிற்கின்றன. கதிரவன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-இல். தை பிறப்பது சனவரி 14 அல்லது 15-இல். பொங்கல் நாளன்று கதிரவன் திரும்பிச் சுமார் 24 நாள்கள் ஆகியிருக்கும். பொங்கல் அறுவடைத் திருநாள் என்ற சிறப்புக்கு இதனால் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அன்றுதான் கதிரவன் திரும்புகிறது என்று பாடம் சொல்லும்போது, மாணவர் கையிலுள்ள கோலின் நிழல் அதை மறுத்துவிடும்.

ஐரோப்பியர் கண்ட தமிழ்க் கணக்கு

வெள்ளிக் கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்த பிரெஞ்சு வானியலர் லெ சாந்தி, 1769-இல் புதுச்சேரியில் மேகம் மறைத்ததால் அதைக் காணாது ஏமாந்தார். ஆனால் அங்குத் தங்கியிருந்த காலத்தில் தமிழர் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்று ஐரோப்பாவில் வெளியிட்டார். 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் அமைந்தது. அதில் பணியாற்றிய சான் வாரன், தென்னிந்திய மக்களின் காலக் கணக்குகளைத் தொகுத்துக் காலசங்கலிதம் என்ற நூலை 1825-இல் சென்னையில் வெளியிட்டார். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டு, தாளும் எழுத்தும் இன்றிச் சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழரின் முறையை வாரன் பதிவு செய்துள்ளார். 20ஆம் நூற்றாண்டில் கணித வரலாற்று அறிஞர் ஓட்டோ நாய்கபவர் இப்பதிவை ஆராய்ந்து, பழைய பாபிலோனியக் கணக்கு முறைகளோடு இதற்குள்ள உறவை எடுத்துக்காட்டினார். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்ட இந்தத் துல்லியமே, அதன் அடிப்படை அளவு மாறாமல் போனதற்கும் ஒரு காரணம் எனலாம். மனப்பாடமாக வந்த வாக்கியத்தில் திருத்தம் செய்வது எளிதன்று.

நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு

விடுதலைக்குப் பின் நாட்டில் பல்வேறு பஞ்சாங்கங்கள் வழங்கி வந்ததால், அவற்றை ஆராய 1952-இல் அறிவியல், தொழில் ஆய்வுக் குழுமம் ஒரு குழுவை அமைத்தது. வானியற்பியல் அறிஞர் மேகநாத் சாகா அதன் தலைவர். என். சி. லாகிரி செயலாளர். 1955-இல் வெளிவந்த அறிக்கை, சம இரவு நாளுக்கு மறுநாளை ஆண்டுத் தொடக்கமாகக் கொண்ட பருவ ஆண்டு நாட்காட்டியைப் பரிந்துரைத்தது. அதன்படி 1957 மார்ச் 22 அன்று, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாளாக இந்தியத் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சாகா அதைக் காண உயிரோடு இல்லை. அவர் 1956 பிப்ரவரியில் காலமானார்.

அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் இந்த நாட்காட்டி இடம்பெற்றாலும் மக்கள் வழக்கில் அது வேரூன்றவில்லை. சமயத் திருநாள்கள் மேலும் நகராமலிருக்க, 23 பாகை 15 கலை என்ற விலகலை நிலையாகக் கொள்ளலாம் எனவும் குழு கூறியது. பஞ்சாங்க மரபு அதை ஏற்கவில்லை. தமிழகத்தில் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றி 2008-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் மொழி, பண்பாடு சார்ந்த வாதங்கள் பெரிதும் பேசப்பட்டன. இரண்டு நாள்களுமே கதிரவனின் உண்மை நிலையிலிருந்து ஏறத்தாழ ஒரே அளவு விலகியவை என்பதும் அறியத்தக்கது.

பறவைகளின் நாட்காட்டி

வேடந்தாங்கல் ஏரி ஏறத்தாழ 30 எக்டேர் பரப்புடையது. ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த ஊர் மக்கள், அவற்றைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். வெள்ளையர் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க வேண்டி, 1790களின் இறுதியில் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் அவர்கள் கவுல் என்னும் உரிமை ஆவணம் பெற்றனர். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயமாக ஏற்கப்பட்ட இவ்விடம், 2022-இல் ராம்சார் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கு வரும் பறவைகள் இரு வேறு அடையாளங்களைப் பின்பற்றுகின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை வட ஆசியாவிலிருந்து வலசை வருபவை. செப்டம்பர் சம இரவு நாளுக்குப் பின் வடக்கே பகல் விரைவாகக் குறைகிறது. பகல் நீளம் பறவைகளின் உடல் இயக்கத்தைத் தூண்டுகிறது என்பதைக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ரோவன் 1920களில் சிறு பறவைகளைக் கொண்டு காட்டினார். கடுங்குளிரில் கூண்டுகளில் மின்விளக்கு ஏற்றிப் பகலை நீட்டியபோது, அப்பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் இளவேனிலில் வளர்வதுபோல் வளர்ந்தன. குளிர் குறையவில்லை, ஒளி நேரம் மட்டுமே கூடியிருந்தது.

நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா ஆகியவை நம் நாட்டிலேயே வாழ்ந்து, கூடு கட்ட இங்கு வருபவை. இவை முதன்மையாக எதிர்பார்ப்பது ஏரியின் நீரை. செப்டம்பர் சம இரவு நாளுக்குப் பின் கதிரவன் தெற்கே செல்ல, ஆசிய நிலப்பரப்பு குளிர்ந்து, காற்றின் திசை மாறி, அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. செங்கல்பட்டுக் கடற்கரை வட்டாரம் ஆண்டு மழையில் பெரும்பங்கை இந்த மூன்று மாதங்களில்தான் பெறுகிறது. ஆகவே மழைக்கும் முதல் காரணம் கதிரவனே. ஆனால் பகல் நீளம் ஆண்டுதோறும் தவறாமல் மாறும், மழை தவறக்கூடும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி நிரம்பாமல் கூடுகள் குறைவதன் காரணம் இதுவே. காலநிலை மாற்றம் மழையின் காலத்தையும் அளவையும் மாற்றினாலும் சம இரவு நாளை மாற்றாது. ஒளியைப் பார்த்துப் புறப்படும் பறவை வந்து சேரும்போது ஏரியில் நீர் இருக்குமா என்பதே இனி எழும் கேள்வி.

மாணவர்களுக்கான செய்முறை

பள்ளி மைதானத்தில் ஒரு மீட்டர்க் கோலைத் தூக்குக்குண்டு கொண்டு செங்குத்தாக நட்டு, சம இரவு நாளன்று நண்பகலில் நிழலை அளக்கலாம். வேடந்தாங்கல் வட்டாரத்தில் உண்மை நண்பகல் மார்ச் 21-இல் ஏறத்தாழ 12.18 மணிக்கும், செப்டம்பர் 23-இல் 12.03 மணிக்கும் வரும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து வந்தால், மிகக் குறுகிய நிழலைக் கண்டறியலாம். அதன் நீளத்தைக் கோலின் உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்குரிய டேன்சன்ட் கோணமே அவ்வூரின் அகலாங்கு ஆகும். நிழல் 22 செ.மீ. எனில் விடை 12.4 பாகை. கதிரவனை நேராகப் பார்க்கக் கூடாது, நிழலை மட்டுமே பார்க்க வேண்டும்.

இதே கோலைச் சித்திரை முதல் நாளன்றும் நட்டு அளந்தால் நிழல் சுமார் 5 செ.மீ. மட்டுமே இருக்கும். சம இரவு நாளின் 22 செ.மீ. நிழலுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடே, ஆண்டுக்கு ஒரு நாழிகை வீதம் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த விலகல். நெடுநல்வாடை காலத்து நூலறிந்தோர் பயன்படுத்திய கருவியும் இதுதான்.